மூலையில் காலியாக நின்றவள்

1

கேட்டது அரைப் பக்கம்தான். எங்கள் ஊர் மகளிர் கூடைப்பந்துக் கழகத்துக்கு ஆண்டுமலர் போடுகிறார்கள். அதில் துன்யா லாலிச்சைப் பற்றி எழுத ஓர் ஆள் வேண்டும். அரங்கில் ஆட்டக் கடிகாரத்தை ஓட்டுபவன் நான். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துபவனும் நானே. ஆகவே எனக்கு எழுதவும் வரும் என்று யாரோ முடிவு கட்டிவிட்டார்கள்.

எழுதினேன். 'தீசா நதிக்கரையில் பேலி ப்ரேக்கில் பிறந்தவர். இளம் வயதிலேயே ஹங்கேரிக்கு ஆடப் போனார். பிறகு போலந்து, பிறகு துருக்கி. இரண்டு கோடைக்காலம் தேசிய அணியில். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து பிரித்துக் கொடுக்கும் கார்டு நிலையில் ஆடுபவர். பாஸ் கொடுப்பதில் வல்லவர். ஊர் திரும்பினார். திருமணமானவர்.'

ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் ஆளைக் காணோம். துன்யாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"யாரு இது, செத்துப் போனவளா?" என்றாள்.

அரைப் பக்கத்தைக் கிழித்தேன். நீங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிற வினை அன்றைக்குத் தொடங்கியது.

2

தொடக்கங்கள்:

(அ) கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த ஒழுகலில்தான் ஒரு பெண்ணின் தலையெழுத்து

(தலையெழுத்து என்று எழுதியதுமே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. விட்டுவிடுகிறேன்.)

(ஆ) நெட்டையர்களின் ஆட்டத்தில் அவள் குள்ளம்.

(இது பரவாயில்லை. ஆனால் துன்யா குள்ளமில்லை. ரொட்டிக்கடை வரிசையில் நின்றால் மற்றவர்களைவிட அரைத்தலை உயரம். அரங்குக்குள் காலெடுத்து வைத்ததும்தான் குள்ளமாகிறாள்.)

(இ) இரண்டு சிறுமிகள் இருந்தார்கள்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு சிறுமிகள் இருந்தார்கள். ஒருத்தி துன்யா, இன்னொருத்தி இலோன்கா, ஆற்றோரத்து ஹங்கேரியக் குடும்பத்துப் பெண். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே அணி. துன்யா பந்தைத் தட்டிக்கொண்டு நடுவில் நுழைவாள். எதிரணிக்காரிகள் கூட்டமாக அவள்மேல் வந்து விழுவார்கள். விழுந்தபின் பார்த்தால் பந்து அவளிடம் இருக்காது. மூலையில் இலோன்காவிடம் இருக்கும். இலோன்கா எறிவாள். விழும். இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்காமலே பின்னால் ஓடுவார்கள். பார்த்துச் சிரித்தால் இலோன்காவுக்கு அடுத்தது தவறிவிடுமாம்.

எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு கழகத்தார் வந்தார்கள். இருவரையும் கேட்டார்கள். கிளம்ப இருந்த சமயத்தில் இலோன்காவின் முழங்கால் தசைநார் அறுந்தது. துன்யா மருத்துவமனைக் கட்டிலருகே நின்று, "நான் போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"போடி" என்றாள் இலோன்கா.

துன்யா போனாள். முதலில் வாரம் தவறாமல் தொலைபேசியில் பேசினாள். பிறகு பண்டிகைகளுக்கு. பிறகு அதுவும் இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை இருந்தால் எழுத எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரு பத்தியில் போட்டு உடைத்துவிடலாம். இது சும்மா விட்டுப் போனது. விட்டுப் போனதை எப்படி எழுதுவது?

(எழுத்தாளர்கள் இந்த இடத்தில் இலை உதிர்வதைப் பற்றி எழுதுவார்கள். எங்கள் ஊரிலும் இலை உதிரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

3

வெளிநாட்டு வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துன்யா கதைகதையாகச் சொல்வாள். ஆனால் எல்லாம் பேருந்துகளைப் பற்றியவை. போலந்தில் பனியில் சிக்கிய பேருந்து, துருக்கியில் ஓட்டுநர் கல்யாணவீடு ஒன்றில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு வந்த பேருந்து. எந்த ஊரிலும் அவள்தான் கார்டு. பந்தைக் கொண்டுவருவாள், கொடுப்பாள். எறியவே மாட்டாள். போலந்து ரசிகர்கள் அவளுக்குத் 'தபால்காரி' என்று பெயர் வைத்தார்கள். துருக்கியில் ஒரு கோச், வளையத்தைக் கையால் காட்டி, மொழிபெயர்க்கிற பெண் மூலமாகக் கேட்டாராம்: "ஏம்மா, அதோட உனக்கு ஏதாவது முன்விரோதமா?"

இதைச் சொல்லும்போது துன்யா சிரிப்பாள். சிரித்து முடித்தபின் ஒருமுறை மட்டும் சொன்னாள்: "எல்லா ஊர்லயும் மூலைல ஒருத்தி இருப்பா. நல்லா எறிவா. ஆனா நான் குடுத்ததும் திரும்பிப் பார்த்து கைதட்டுவா. எனக்கு அது பழகவே இல்ல."

அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை என்று ஊர் வந்தாள். பார்த்துக்கொள்ளத் தங்கினாள். தங்கிய இடத்தில் கழகம் பிடித்துக்கொண்டது. பக்கத்துப் பண்ணைக்குக் குதிரை வைத்தியம் பார்க்க வந்த ரதோயே பிடித்துக்கொண்டான். அவன் தெற்கே மலைக்காரன். எங்கள் சமவெளியில் நின்றால் சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லையே என்று குறைப்பட்டுக்கொள்கிறவன். கூடைப்பந்தில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பந்து உருண்டை என்பதுதான். இந்தப் பருவம்தான் கடைசி, பிறகு ஆட்டம் வேண்டாம் என்று துன்யா அவனுக்கு வாக்குக் கொடுத்தாள். அவன் கேட்கவில்லை; இவளாகக் கொடுத்தாள். முட்டிகள் தன்னிடம் கேட்டுக்கொண்டதாகச் சொன்னாள்.

4

இப்போது இலோன்காவை எழுத வேண்டும். இங்கேதான் எனக்குத் தடுமாற்றம்.

முதல் வரைவில் அவளை வில்லியாக்கினேன். பொறாமைக்காரி, உள்ளூரிலேயே கிடந்து புழுங்கியவள். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இலோன்கா காலையில் பல் மருத்துவரிடம் உதவியாளர். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது என் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தவள் அவள்தான். அந்தக் கையை நினைத்துக்கொண்டு அவளை வில்லியாக எழுத எனக்கு வரவில்லை. கிழித்தேன்.

உண்மை இதுதான்: முழங்கால் தேறியபின் இலோன்கா எங்கள் அணியிலேயே ஆடிக்கொண்டிருந்தாள், கட்டுத்துணி சுற்றிக்கொண்டு. துன்யா திரும்பி வந்தபோது வரவேற்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஆட்டத்தில் மட்டும் பேசினாள். "வலது." "பின்னால." "விடு." "என்னோடது." அவ்வளவுதான். விளக்கை அணைத்து வெளியே வந்துவிட்டால் வாய்க்குப் பூட்டு.

"இலோன்கா, காபி குடிக்கப் போலாமா?"

"நேரமில்ல."

"நாளைக்கு?"

"நாளைக்கும்தான்."

துன்யா வீட்டுக்குப் போய் அம்மாவின் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டே சொல்வாளாம்: "இன்னிக்கு 'பின்னால'ன்னு ரெண்டு தடவை கத்தினாம்மா." அம்மாவுக்கு ஒன்றும் புரியாது. துன்யாவுக்கு அது காதில் இனித்துக்கொண்டிருக்கும். சின்ன வயதில் பக்கத்திலேயே கேட்ட குரல். இப்போது அதைக் கேட்க வியர்வை சிந்த வேண்டியிருந்தது.

(கடைசி வாக்கியம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. ஆனாலும் அடிக்க மனமில்லை.)

5

கூரைக்கு வருவோம். பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்பவர்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டும். பாதி ஆட்டத்தில் மழை பிடித்தது. ஃப்ரீ த்ரோ கோட்டின்மேல் தண்ணீர் சொட்ட, வாளி வைத்தார்கள், துணி போட்டார்கள், நடுவர் வழுக்கி விழுந்தார், ஆட்டத்தை நிறுத்தினார். மறு ஆட்டம் அடுத்த சனிக்கிழமை மாலை என்று சம்மேளனம் அறிவித்தது.

அந்தச் சனிக்கிழமை துன்யாவுக்குக் கல்யாணம்.

மலையிலிருந்து ரதோயேவின் தாய் ஸ்தமேனா ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தார், பாலாடைக்கட்டியும் புகைபோட்ட இறைச்சியும் நிறைந்த பெட்டிகளோடு. சேதி அவர் காதுக்குப் போனது சமையலறையில்.

"கல்யாணப் பொண்ணு அன்னிக்கே அரை டவுசர் போட்டுட்டு ஓடுவாளா? எங்க மலைல சொன்னா ஆடு சிரிக்கும்."

"அம்மா," என்றான் ரதோயே, "மதியம் கோயில். சாயங்காலம் ஆட்டம். அப்புறம் விருந்து. ஆட்டுக்கறி எப்படியும் அதுக்குள்ள வேகாது."

"நம்ம ஜனம் அதுவரைக்கும் என்ன பண்ணும்?"

"அரங்குல உக்காரும். உக்காரத்தான பெஞ்சு போட்டிருக்காங்க."

ஸ்தமேனா துன்யாவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மருமகளே. உனக்கு எது பெருசு?"

"அத கேக்காதீங்க அத்தை. எதச் சொன்னாலும் ஒண்ணு கோவிச்சுக்கும்."

ஸ்தமேனா பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு வெட்டி அவள் தட்டில் வைத்தார். "தின்னு. வெறும் வயித்துல ஓடாத."

6

கோயிலில் பாதிரியார் இருவர் தலையிலும் கிரீடம் வைத்து, மூன்று சுற்று சுற்றி, வாசலில் இனிப்பை வாரி இறைத்துக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் தெற்கிலிருந்து டிரம்பெட் குழுவைக் கூட்டி வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் கிதார் போன்ற தம்புரா வாசிப்பதே வழக்கம்; டிரம்பெட் சத்தத்தில் எங்கள் வாத்துகள் இரண்டு நாள் முட்டையிடவில்லை. அந்தக் குழுவும் ஊர்வலமாக அரங்குக்குள் நுழைந்தது. கடிகார மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டுச் சட்டையும் பூவுமாக ஒரு கூட்டம் பெஞ்சுகளில் ஏறி உட்கார்ந்தது.

உடைமாற்றும் அறையில் ஒரு சிக்கல். துன்யாவின் கொண்டையில் ஊசி ஊசியாகக் குத்தியிருந்தது. ஊசியோடு ஆட விதியில் இடமில்லை என்று நடுவர் சொல்லிவிட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். துன்யா வலி பொறுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போது பின்னாலிருந்து ஒரு கை மற்றக் கைகளை விலக்கியது. ஊசிகள் ஒவ்வொன்றாக வந்தன, ஒன்றுகூட வலிக்கவில்லை. பல் பிடுங்கும்போது தலைகளைத் தாங்கிப் பழகிய கை. கடைசி ஊசி வந்ததும், "ஆச்சு" என்றது குரல்.

அது ஆட்டத்தில் சொல்கிற சொல் இல்லை என்று துன்யாவுக்குப் பட்டது. திரும்பினாள். இலோன்கா ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தை முழுக்க விவரிக்கப் போவதில்லை. எதிரணி பலமானது, நாங்கள் விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டு வந்தோம். டிரம்பெட்காரர்கள் ஃப்ரீ த்ரோ நேரத்தில் வாசித்ததால் நடுவர் இருமுறை எச்சரித்தார். மூன்றாவது முறை, டிரம்பெட் வாசிக்கிற மிலென்கோவின் கையைப் பிடித்து அடக்கியவர் ஸ்தமேனா. ஆனால் துன்யாவை ஒருத்தி முழங்கையால் இடித்தபோது அதே ஸ்தமேனா எழுந்து, "கண்ணாடி போடு ஐயா, இல்லேன்னா என் மகன்கிட்ட வா, குதிரைக்கு ஊத்துற மருந்தக் கண்ணுல ஊத்துவான்" என்று நடுவரைக் கேட்டதும் என் காதில் விழுந்தது.

கடைசி நொடிகளுக்கு வந்தோம். நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பந்து எங்களிடம். கோச் கோர்தானா டைம் அவுட் கேட்டாள். பலகையில் கோடு கிழித்தாள்.

"துன்யா, இந்தத் தடவை நீ எறியணும். எல்லாரும் நீ குடுப்பேன்னுதான் நிப்பாங்க. உன் கல்யாணத்துக்கு நான் கேக்குற சீர்னு வச்சுக்க."

"சரி கோச்" என்றாள் துன்யா.

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) துன்யா எறிகிறாள். வாழ்நாளெல்லாம் கொடுத்தவள் முதன்முறையாகத் தனக்கென எறிகிறாள். விழுகிறது. டிரம்பெட்.

இது பட்டுச் சட்டை போட்ட அத்தனை பேருக்கும் பிடித்த முடிவு. எனக்கும்தான். எழுதும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. துன்யாவிடம் காட்டினேன். "எதிரணிக்காரிங்க இத வாசிச்சா என்ன நெனைப்பாங்க?" என்று கேட்டாள்.

(ஆ) துன்யா இலோன்காவுக்குக் கொடுக்கிறாள். இலோன்கா எறிகிறாள். விழுகிறது. இருவரும் கட்டிக்கொள்ள

(இல்லை.)

(இ) நடந்தது.

துன்யா வலப்பக்கம் போவதுபோல் தோளைக் காட்டி இடப்பக்கம் வெட்டினாள். அவளைத் தடுத்து நின்றவள் ஏமாந்து ஓர் அடி பின்தங்கினாள். முன்னால் யாருமில்லை. வளையம் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை ஊர்களில் இத்தனை கோச்சுகள் கெஞ்சிய அதே வளையம். துன்யா எழும்பினாள். எறியத்தான் எழும்பினாள், அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். மேலே இருந்தபோது, கண்ணின் ஓரத்தில், மூலையில் வெள்ளைக் கட்டுத்துணி சுற்றிய ஒரு முழங்கால் தெரிந்தது. அதன் பக்கத்தில் எதிரணிக்காரி யாருமில்லை.

கொடுத்தாள்.

இலோன்கா எறிந்தாள். நல்ல எறிதான். பந்து வளையத்தின்மேல் உட்கார்ந்து, ஒரு சுற்று யோசித்து, வெளிப்பக்கம் இறங்கிவிட்டது. கடிகாரம் தானாகவே ஊதியது.

மலைக்காரர்களுக்கு விதி தெரியாது. ஊதினால் ஜெயித்த மாதிரி என்று நினைத்து மொத்தக் குழுவும் எழுந்து வாசிக்கத் தொடங்கியது. அரங்கின் முகங்களைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியாக நிறுத்தியது பெரிய மேளம்.

7

விருந்து ஆற்றங்கரை உணவகத்தில், அரங்குக்கு அடுத்த தெருவில். கோடைக்கு முந்திய மாலை. வெளிச்சம் இன்னும் போகவில்லை. அணி முழுக்க வந்திருந்தது, இலோன்காவைத் தவிர. மேசைகளில் மீன் குழம்பு ஆறுமுன் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. ஒரு கட்சி: பழைய சிநேகிதத்தை விலை கொடுத்து வாங்கப் பார்த்தாள், ஊரை இரண்டாம் பிரிவில் தள்ளினாள். இன்னொரு கட்சி: தோல்வி வரும் என்று தெரிந்து பழியை இலோன்காவின் கையில் திணித்துவிட்டாள், கெட்டிக்காரி. பிளம் பிராந்திக் கோப்பைகள் போன வேகத்தில் இரண்டும் மேசைக்கு மேசை போயின.

துன்யாவின் காதிலும் விழுந்தது. அவள் மாப்பிள்ளையிடம் குனிந்தாள். "கொஞ்சம் வெளிய போய்ட்டு வரேன்."

"திரும்பி வருவியா?" என்றான் ரதோயே.

"உன் கறி வேகறதுக்குள்ள."

அரங்கின் பின்புறச் சரிவில் நடந்ததைப் பார்த்தவர் ஒரே ஒருவர்: மேளக்காரர் மறந்துவிட்ட மேளக்கோலை எடுக்கப் போன டிரம்பெட்காரர் மிலென்கோ. நாற்பது வருடமாகக் காதருகே டிரம்பெட் கேட்டவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அவர் சாட்சியத்தை வாசியுங்கள்.

இலோன்கா காருக்குள் இருந்தாள். எங்கள் நாடு பல நாடுகளாக உடைவதற்கு முன், ஒன்றாயிருந்த காலத்துச் சின்னச் சிவப்புக் கார். சாவியைத் திருப்பத் திருப்ப அது இருமிக்கொண்டிருந்தது. துன்யா பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கீழே ஆட்டத்து ஷூவோடு வந்து நின்றாள்.

"எங்கடி போற?"

"வீட்டுக்கு."

"விருந்து அந்தப் பக்கம்."

"வண்டி கிளம்ப மாட்டேங்குது. எந்தப் பக்கமும் போகாது."

"எறங்கித் தள்ளு. நான் ஸ்டியரிங் பிடிக்கிறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியாது. வாழ்க்கை பூரா பஸ்லதான போனே."

"அப்ப உள்ளயே இரு."

துன்யா பின்னால் போனாள். கல்யாண உடுப்போடு காரின் முதுகில் கைகளை ஊன்றித் தள்ளினாள். கார் அசைந்தது, சரிவில் மெல்ல உருண்டது. ஜன்னல் வழியாக இலோன்காவின் குரல் வந்தது, பின்னால் திரும்பாமலே:

"எதுக்குடி எனக்குக் குடுத்தே? பழிய என் தலைல போடத்தானே?"

அந்த நொடியில் என்ஜின் பிடித்துக்கொண்டது. புகையும் சத்தமுமாகக் கார் ஓட, துன்யா கூடவே ஓடி ஜன்னலைப் பிடித்தாள். அவள் வாய் அசைந்ததை மிலென்கோ பார்த்தார். சொன்னது என்னவென்று என்ஜின் கேட்கவிடவில்லை. ஓடுகிற வண்டியின் கதவு திறந்தது. மணப்பெண் உள்ளே போனாள், பாதிப் பாவாடை மழைத்தண்ணீர் தேங்கிய குட்டையில் இழுபட.

விருந்து வாசலில் வந்து நின்றது கார். இலோன்கா ஆட்டச் சட்டைக்குமேல் கோட்டு போட்டிருந்தாள். ஸ்தமேனா எழுந்து, இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து ஆட்டுக்கறியை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

"உக்காரு. எறிஞ்சவளுக்குத்தான் பசிக்கும்."

பிறகு கைகோத்து வட்டமாக ஆடினார்கள். துன்யாவின் இடது கை ரதோயேவிடம், வலது கை இலோன்காவிடம்.

8

மற்றதெல்லாம் சொல்லிவிடலாம். எங்கள் அணி இரண்டாம் பிரிவில் ஆடுகிறது. துன்யாவும் இலோன்காவும் ஆடுகிறார்கள். வாக்கு என்னவாயிற்று என்று ரதோயேவைக் கேட்டேன். "கடைசின்னு அவ சொன்னது முதல் பிரிவத்தானாம். எங்கம்மா அப்படித்தான் சொல்றாங்க" என்றான். ஆட்டமுள்ள வாரங்களில் ஸ்தமேனா மலையிலிருந்து பேருந்து பிடித்து வந்துவிடுகிறார்.

சொல்ல முடியாதது ஒன்றுதான்: ஜன்னலைப் பிடித்துக்கொண்டு துன்யா என்ன சொன்னாள்? அது தெரியாமல் இந்தக் கதை முடியாது. இருவரையும் காபிக்குக் கூப்பிட்டு ஏழாம் பகுதியை வாசித்துக் காட்டினேன்.

"நான் 'வீட்டுக்கு'ன்னு சொல்லவே இல்ல. 'விருந்துக்கு'ன்னு சொன்னேன். அந்தாளு செவிடு" என்றாள் இலோன்கா.

"வண்டி மூஞ்சி உங்க வீட்டப் பார்த்து நின்னுதே."

"அது ஒருவழிப் பாதைடி."

"சரி, நீங்க என்ன சொன்னீங்க?" என்று துன்யாவைக் கேட்டேன்.

"'கதவத் திற, ஷூ நனையுது'ன்னு சொன்னேன்."

"பொய்" என்றாள் இலோன்கா. "மன்னிப்பு கேட்டா."

"கேக்கவே இல்ல எழுத்தாளரே, எழுதாதீங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் சிரித்தார்கள். நான் வற்புறுத்தினேன். கேலி முடிந்தபின் இலோன்கா கோப்பையின் அடியைப் பார்த்தபடி சொன்னாள்: "வண்டிய நிறுத்தினா மறுபடி கிளம்பாது. அதனால நிறுத்தல. ஆனா அவ சொன்னதக் கேட்டப்புறம் கதவத் திறக்காம இருக்க முடியல." அதற்குமேல் இருவர் வாயிலிருந்தும் ஒன்றும் வரவில்லை.

நானே எழுதிப் பார்த்தேன். 'இன்னொரு தடவை வந்தாலும் உனக்குத்தான் கொடுப்பேன்' என்று எழுதினேன். திரையரங்கில் விசில் பறக்கும், அடித்தேன். 'நீ காலியா நின்னே, குடுத்தேன்' என்று எழுதினேன். இது துன்யா பேசுகிற மாதிரிதான் இருக்கிறது, ஆனால் இதற்கு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். 'உன் குரலக் கேக்கத்தான் திரும்பி வந்தேன்' என்று எழுதினேன். அதை நான்கு நாள் வைத்திருந்தேன். அது என்னுடைய வாக்கியம், அவளுடையது அல்ல என்று ஐந்தாம் நாள் தெரிந்தது.

உங்களுக்கும் எங்கேயோ ஒருத்தியோ ஒருத்தனோ விட்டுப் போயிருக்கலாம், சண்டை ஏதுமில்லாமல். ஆகவே இந்த இடத்தை நிரப்ப என்னைவிட நீங்கள் தகுதியானவர். இடம் விட்டிருக்கிறேன். நீளமாக வேண்டாம், அவள் ஓடிக்கொண்டே பேசுகிறாள், வண்டி வேகம் பிடிக்கிறது.

துன்யா ஜன்னலைப் பிடித்தபடி ஓடினாள். "                                        " என்றாள்.

இலோன்கா கதவைத் திறந்தாள்.